ஐந்தாம் வகுப்போடு பசி முடிந்துவிடுகிறதா?



2025ஆம் ஆண்டின் இரண்டாம் வாரத்தில் உங்களோடு பேசுகிறேன். கிறிஸ்துமஸ் நட்சத்திரங்கள் சில வீட்டு வாசல்களில் இன்னும் தொங்கிக்கொண்டிருக்கின்றன. ஆலயத்தில் குடில் பிரிக்கப்பட்டு, வைக்கோல் மட்டும் ஒரு மூலையில் கிடக்கிறது. பண்டிகை முடிந்தது, பனி முடியவில்லை. நம் முன்னோர் மார்கழியையும் தையையும் முன்பனிக் காலம் என்றும், மாசியையும் பங்குனியையும் பின்பனிக் காலம் என்றும் வகுத்துவைத்தார்கள். அந்தக் கணக்கின்படி நாம் இப்போது பனியின் நடுவில் நிற்கிறோம். இந்த வாரத் தியானத்தை வேதபாடத்திலிருந்து அல்ல, நம் ஊர் நடுநிலைப் பள்ளியின் வாசலிலிருந்து தொடங்க விரும்புகிறேன். பொறுமையோடு வாசியுங்கள். முடிவில் உங்களிடம் ஒரு காரியம் கேட்கப்போகிறேன்.

அரையாண்டு விடுமுறைக்குப் பின் ஜனவரி 2ஆம் தேதி பள்ளி திறந்தது. புத்தாண்டு வாழ்த்துச் சொல்லலாம் என்று காலை எட்டேகால் மணிக்கே அங்கே போனேன். நம் ஊர் உதகையைப் போன்ற உயரத்தில் இல்லை. ஆயினும் பள்ளிக்கூடம் பள்ளத்தில் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். மைதானத்துப் புல்லின்மேல் உப்புத் தூவியதுபோல வெண்மை படர்ந்திருந்தது. பிள்ளைகள் கைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார்கள். வாயைத் திறந்தால் புகை வந்தது. அதையே ஒரு விளையாட்டாக்கி ஒருவர்மேல் ஒருவர் ஊதிக்கொண்டிருந்தார்கள்.

சமையற்கூடத்தின் பக்கத்து வராந்தாவில் காலை உணவு பரிமாறப்பட்டது. அன்று வியாழக்கிழமை, உப்புமாவும் சாம்பாரும். ஒன்று முதல் ஐந்து வகுப்புகள் வரை உள்ள சிறுவர்கள் வரிசையாக அமர்ந்து, ஆவி பறக்கும் தட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு உண்டார்கள். அந்த வராந்தாவின் தூண் ஓரமாக ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி நின்றிருந்தாள். அவளுடைய தம்பி நான்காம் வகுப்பு. தினமும் அவனைக் கைபிடித்து அழைத்து வருகிறவள் அவளே.

"சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டேன்.

"சாப்பிட்டேன் ஐயா."

"என்ன சாப்பிட்ட?"

அவள் பதில் சொல்லவில்லை. தம்பிதான் வாய் நிறைய உப்புமாவோடு தலையை நிமிர்த்தி, "சாயத்தண்ணி குடிச்சா" என்றான். அவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். அதன்பின் இருவரும் பேசவில்லை.

அந்தப் பிள்ளை நம் சபையைச் சேர்ந்தவளா என்று தயவுசெய்து விசாரிக்க வேண்டாம். பெயரையும் சொல்லமாட்டேன். அவள் மறைக்க விரும்பியதை நான் இங்கே எழுதுவதே மனத்தை உறுத்துகிறது. ஆனால் அவள் ஒருத்தி அல்ல. பெரிய டீச்சர் என்னிடம் கூறியபடி, ஆறு முதல் எட்டு வரையுள்ள மூன்று வகுப்புகளில் முப்பத்தெட்டுப் பிள்ளைகள் படிக்கிறார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் காலையில் வெறும் தேநீரோடு வருகிறவர்கள். அவருடைய மேசை இழுப்பறையில் பிஸ்கட் பொட்டலங்கள் இருந்தன. தம் கைப்பணத்தில் வாங்கி வைத்திருக்கிறார். "முதல் பீரியடுல தலை சுத்துதுன்னு சொல்ற பிள்ளைங்களுக்கு" என்றார்.

இதில் யாரையும் குற்றம் சொல்ல நான் எழுதவில்லை. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கப்பட்டது. 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுவதும் உள்ள அரசுத் தொடக்கப் பள்ளி மாணவர்களுக்கு விரிவாக்கப்பட்டது. 2024 ஜூலையில் ஊரகப் பகுதிகளின் அரசு உதவி பெறும் பள்ளிகளையும் சேர்த்துக்கொண்டது. நல்ல திட்டம். அதன் பயனை நம் கண்களாலேயே காண்கிறோம். ஆனால் அது ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரைக்குமானது. தொடக்கப் பள்ளிகளில் இந்த எல்லை கண்ணுக்குத் தெரிவதில்லை. அங்கே ஐந்தாம் வகுப்புக்கு மேல் பிள்ளைகளே இல்லை. நடுநிலைப் பள்ளியில்தான் ஒரே கூரையின் கீழ், ஒரே அடுப்பின் அருகில், கோடு தெளிவாகத் தெரிகிறது. சென்ற ஏப்ரல் வரை அந்த வராந்தாவில் அமர்ந்து உண்ட பிள்ளை, ஜூன் மாதம் பள்ளி திறந்தவுடன் தூண் ஓரமாக நிற்கப் பழகிக்கொள்ள வேண்டியிருக்கிறது. உணவு ஐந்து வகுப்புகளின் வருகைப்படி அளந்து சமைக்கப்படுகிறது. ஆசிரியர் நினைத்தாலும் பங்கிட முடியாது.

ஐந்தாம் வகுப்போடு பசி முடிந்துவிடுகிறதா? பிள்ளைகளை வளர்த்த தாய்மாரைக் கேட்டுப்பாருங்கள். பதினொன்று முதல் பதினான்கு வயதுக்குள் பிள்ளைகள் கண்ணெதிரே உயர்கிறார்கள். ஜூனில் தைத்த சீருடை ஜனவரியில் கணுக்காலுக்கு மேல் ஏறிவிடுகிறது. பெண்பிள்ளைகள் பூப்பெய்தும் வயதும் இதுவே. ஆறாம் வகுப்பு முதல் வாரம் ஒருமுறை பள்ளியில் இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார்கள். அதை வெறும் வயிற்றில் விழுங்கக் கூடாது என்பதும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரப்படுகிறது. வாழ்நாளிலேயே உடல் அதிகமாகக் கேட்கும் ஆண்டுகளில் ஒரு வேளை உணவு கையைவிட்டுப் போகிறது.

பனிக்காலத்தில் இந்தக் குறை இரட்டிப்பாகிறது. உறைபனி எப்படி விழுகிறது என்பதை நம் தேயிலைத் தோட்டத்துப் பெரியவர்கள் நன்றாக அறிவார்கள். பகலெல்லாம் வெயில் காயும். இரவில் வானம் துலக்கமாக இருக்கும். மேகப் போர்வை இல்லாததால் நிலம் தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிடுகிறது. குளிர்ந்த காற்று கனமானது. அது சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. ஆகையால் மேட்டில் நிற்கும் செடி தப்பும், தாழ்வில் நிற்கும் செடி கருகும். விடிந்து வெயில் பட்டதும் கொழுந்து பழுப்பேறிவிடுகிறது. கொழுந்து குறைந்தால் வேலை நாட்கள் குறைகின்றன. வேலை நாட்கள் குறைந்தால் அரிசிப் பானை இளைக்கிறது. ஜனவரி முதல் மார்ச் வரை தோட்டத்து வீடுகளில் கையிருப்பு மிகவும் மெலிந்திருக்கும் காலம்.

வீட்டில் அரிசி இருந்தாலும் ஆக்குவதற்கு நேரம் வேண்டும். ஏழரை மணிக்கு மலைச்சரிவில் நிற்கவேண்டிய தாய், விறகு ஈரமாகிக் கிடக்கும் குளிரில் ஐந்து மணிக்கு எழுந்து மதிய உணவைக் கட்டிக்கொண்டு ஓடுகிறாள். காட்டெருமையும் கரடியும் நடமாடும் பாதை என்பதால் தனியாகப் போக முடியாது. கூட்டத்தோடு போகவேண்டும், கூட்டம் யாருக்காகவும் காத்திராது. மூத்த பிள்ளை தேநீர் போட்டுத் தம்பி தங்கையருக்குக் கொடுத்து, தலை வாரி, வாசலைப் பூட்டிவிட்டு வருகிறாள். அந்த மூத்த பிள்ளைதான் பெரும்பாலும் ஆறாம், ஏழாம், எட்டாம் வகுப்பில் படிக்கிறவள். வீட்டில் அவள் சிறிய தாய். பள்ளியில் மட்டுமே அவள் பிள்ளை.

அன்பானவர்களே, இந்த மாதங்களில் அந்த வகுப்புகளில் என்ன நடக்கிறது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். ஆறாம், ஏழாம் வகுப்பினருக்கு மூன்றாம் பருவப் புத்தகம் கையில் வந்திருக்கிறது. ஆறாம் வகுப்பில் கணித ஆசிரியை குறை எண்களைக் கற்பித்துக்கொண்டிருந்தார். பூஜ்யத்துக்குக் கீழேயும் எண்கள் உண்டு என்பதைப் பத்து பதினொரு வயதுப் பிள்ளை நம்புவது எளிதல்ல. அவர் செய்தித்தாளை எடுத்துவந்து, உதகைப் பக்கத்துப் பள்ளங்களில் குளிர் பூஜ்யத்தைத் தாண்டிக் கீழே இறங்கிய செய்தியைக் காட்டினார். பிறகு கரும்பலகையில் ஒரு வெப்பமானியை வரைந்தார். மைதானத்துப் புல்லை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள் ஒரே குரலில், "புரிஞ்சுது டீச்சர்" என்றார்கள். சமவெளிப் பிள்ளைகள் ஏட்டில் படிப்பதை நம் பிள்ளைகள் விரல் நுனியில் உணர்ந்து கற்கிறார்கள். எத்தனை நல்ல பாடம்! ஆனால் வெறும் வயிற்றோடு அமர்ந்திருக்கும் பிள்ளை அதில் எவ்வளவைப் பிடித்துக்கொள்ளும்?

எட்டாம் வகுப்பினருக்கோ இன்னும் நெருக்கமான காலம். அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளின் எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கான தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்பு உதவித்தொகைத் தேர்வு பிப்ரவரியில் வருகிறது. மனத்திறனில் 90 கேள்விகள், படிப்புத் திறனில் 90 கேள்விகள். தேறினால் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை மாதம் ஆயிரம் ரூபாய், நான்கு ஆண்டுகளில் 48,000 ரூபாய். நம் ஊரில் எட்டாம் வகுப்போடு பள்ளி முடிகிறது. ஒன்பதாம் வகுப்புக்குப் பேருந்து ஏறவேண்டும். மேலே படிப்பதா, நின்றுவிடுவதா என்பதை வீடுகள் தீர்மானிப்பது இந்தப் பனி மாதங்களில்தான். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் கரமும் பதினான்கு வயதோடு நின்றுவிடுகிறது. ஆகவே அந்த விளிம்பில் நிற்கும் பிள்ளையின் காலை வேளை சிறிய காரியம் அல்ல.

இனி நம்மைப் பற்றிப் பேசுகிறேன். முதலில் என்னைப் பற்றி. இந்தச் சேகரத்துக்கு நான் வந்து மூன்று பனிக்காலங்கள் ஆகின்றன. அந்தப் பள்ளிக்கூடத்துக்கும் குருமனைக்கும் இடையே இருநூறு அடி தூரம்கூட இல்லை. ஜன்னலைத் திறந்தால் காலை உணவின் மணம் வருகிறது. அந்த மணத்தை மூன்று ஆண்டுகளாக நுகர்ந்த நான், தூண் ஓரமாக யார் நிற்கிறார்கள் என்று ஒருநாளும் எட்டிப்பார்க்கவில்லை. வாழ்த்துச் சொல்லப் போனேனேயன்றி விசாரிக்கப் போகவில்லை. இதைச் சபையார் முன்பாக அறிக்கையிடுகிறேன்.

யவீருவின் வீட்டில் நடந்ததை நினைத்துப்பாருங்கள். ஜெப ஆலயத் தலைவனாகிய அவனுடைய மகள் மரித்துப்போனாள். அவளுக்கு வயது பன்னிரண்டு என்று மாற்கு நற்செய்தியாளர் கவனமாகக் குறித்துவைத்திருக்கிறார். நம் நாட்டில் அவள் ஏழாம் வகுப்புப் பிள்ளை. ஆண்டவர் அவள் கையைப் பிடித்து எழுப்பினார். அவள் எழுந்து நடந்தாள். வீட்டார் அனைவரும் பிரமித்து நின்றார்கள். பெற்றோருக்கும் சீஷர்களுக்கும் அந்த நொடியில் வேறெதுவும் தோன்றவில்லை. இயேசு ஒருவருக்குத்தான் அந்தப் பிள்ளைக்குப் பசிக்கும் என்பது நினைவுக்கு வந்தது. அவளுக்கு உண்ணக் கொடுக்கும்படி சொன்னார். மரணத்திலிருந்து எழுப்புவது அவருடைய வேலை. உணவு கொடுப்பதை அங்கே நின்றவர்களின் வேலையாக வைத்தார். இந்தப் பகுதியைப் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். அற்புதத்தைப் பற்றி அரைமணி நேரம் பேசி, உணவைப் பற்றி ஒரு வரியோடு கடந்துபோயிருக்கிறேன்.

திபேரியாக் கடற்கரையையும் நினைத்துப்பாருங்கள். இரவெல்லாம் வலை வீசி ஒன்றும் அகப்படாமல் களைத்துக் கரையேறிய சீஷர்களுக்கு அங்கே கரிநெருப்பும் மீனும் அப்பமும் ஆயத்தமாக இருந்தன. பேதுரு மூன்றுமுறை மறுதலித்திருந்தான். அதைப் பற்றிக் கேட்கவேண்டியிருந்தது. ஆனாலும் அவர்கள் உண்டு முடிக்கும் வரையில் ஆண்டவர் காத்திருந்தார். கேள்வி, உணவுக்குப் பிறகே வந்தது. கற்பிக்கிறவர்கள் எல்லாருக்கும் அங்கே ஓர் ஒழுங்கு இருக்கிறது. பேதுரு இன்னொரு கரிநெருப்பின் அருகிலும் நின்றவன் என்பதை மறக்கவேண்டாம். பிரதான ஆசாரியனுடைய முற்றத்தில், குளிர் கடுமையாயிருந்த இரவில், தான் குளிர் காய்ந்துகொண்டே தன் ஆண்டவரை அறியேன் என்றான். நாமும் டிசம்பர் மாதமெல்லாம் நெருப்பின் அருகே குளிர் காய்ந்தோம். கேரல் பவனியில் வீட்டுக்கு வீடு கேக்கும் காபியும் கிடைத்தன. எந்த நெருப்பின் அருகே நிற்கிறோம் என்பதை நாமே ஆராய்ந்து பார்க்கவேண்டும்.

சேகரக் கமிட்டியில் இந்தக் காரியத்தை முன்வைத்தேன். மூப்பர்கள் சிலர் எழுப்பிய கேள்விகள் நியாயமானவை. மறைவாக வைக்காமல் அவற்றை உங்களுக்கும் சொல்கிறேன்.

"இது அரசாங்கத்தின் கடமை அல்லவா?" என்று ஒருவர் கேட்டார். ஆம், கடமைதான். அரசாங்கம் செய்யவேண்டியதை நாம் என்றென்றும் சுமக்கவேண்டும் என்று நான் கூறவில்லை. ஆனால் இந்த மாநிலத்தில் பள்ளி உணவு எப்படி வளர்ந்தது என்பதைப் பாருங்கள். 1920இல் சென்னை மாநகராட்சிப் பள்ளி ஒன்றில் சிறிய முயற்சியாகத் தொடங்கியது. 1956இல் காமராஜர் காலத்தில் மதிய உணவுத் திட்டமாக மாநிலமெங்கும் பரவத் தொடங்கியபோது, ஊர் மக்கள் கொடுத்த தானியமும் காய்கறியும் பணமும் அதற்கு அடித்தளமாயின. 1982இல் எம்.ஜி.ஆர். காலத்தில் சத்துணவுத் திட்டமானபோதும் முதலில் அது சிறு வயதுப் பிள்ளைகளுக்கே இருந்தது. 1984இல்தான் பத்தாம் வகுப்பு வரையுள்ள மூத்த பிள்ளைகளுக்கும் விரிந்தது. எல்லைக்கோடு ஒவ்வொரு முறையும் நகர்ந்திருக்கிறது. கோட்டுக்கு வெளியே நிற்கிறவர்களை ஊரார் கண்டு பேசியதும் அது நகர்ந்ததற்கு ஒரு காரணம். நாம் உணவு கொடுப்போம். கூடவே, இதை எட்டாம் வகுப்பு வரை விரிவாக்க வேண்டும் என்று ஊராரோடு சேர்ந்து மனுவும் கொடுப்போம். மனு மட்டும் கொடுத்தால் இந்தப் பனிக்காலம் கழிந்துவிடும். உணவு மட்டும் கொடுத்தால் அடுத்த பனிக்காலத்திலும் இதே தூண் இருக்கும்.

"பெற்றோரின் பொறுப்பை நாம் ஏற்றுக்கொண்டால் அவர்கள் சோம்பலாகிவிடமாட்டார்களா?" என்று இன்னொருவர் கேட்டார். ஏழரை மணிக்குக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு பனியில் நடக்கிறவளைச் சோம்பேறி என்று சொல்ல என் நாவு கூசுகிறது. நம்மில் பலருடைய தாய்மார் அந்தக் கூடையைச் சுமந்தவர்கள். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, இந்த மலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் நம் சபையில் எத்தனை பேர்! வந்த புதிதில் போர்வையும் கம்பளியும் கொடுத்தவர்களை நம் பெரியவர்கள் இன்றும் நன்றியோடு நினைவுகூர்கிறார்கள். அந்தக் கம்பளி அவர்களைச் சோம்பேறிகளாக்கவில்லை. முதல் பனிக்காலத்தை உயிரோடு கடக்கச் செய்தது.

"கிறிஸ்தவர்கள் சோறு போட்டு ஆள் சேர்க்கிறார்கள் என்று பேசமாட்டார்களா?" என்றார் மூன்றாமவர். இந்தக் கேள்வியை நான் மிகவும் மதிக்கிறேன். ஆகையால் என் கருத்தைத் தெளிவாகக் கூறுகிறேன். இந்த உணவோடு துண்டுப்பிரதி போகக்கூடாது. ஜெபம் செய்தால்தான் தட்டு என்ற நிலை வரக்கூடாது. சபையின் பெயர் தாங்கிய பதாகை கூடாது. தட்டை நீட்டும் பிள்ளையைப் புகைப்படம் எடுக்கக் கூடாது. பள்ளி மேலாண்மைக் குழுவின் அனுமதியோடு, அவர்கள் மேற்பார்வையில், பள்ளி வளாகத்திலேயே நடக்கட்டும். கோயில் கமிட்டியாரும் ஜமாஅத்தாரும் சேர விரும்பினால் மகிழ்ச்சியோடு சேர்த்துக்கொள்வோம். கேத்தியில் 1846இல் பாசல் மிஷன் பணி தொடங்கிய நாளிலிருந்து இந்த மலையில் பள்ளிக்கூடமும் சபையும் பக்கத்துப் பக்கத்தில் வளர்ந்திருக்கின்றன. அந்தப் பள்ளிகளில் படித்தவர்களில் மிகப் பலர் தங்கள் மதத்திலேயே இருந்தார்கள். கல்வியை மட்டும் பெற்றுக்கொண்டார்கள். அது வீணான பணி என்று நான் கருதவில்லை. பசித்தவனுக்குக் கொடுத்த அன்னத்துக்கு வேறொரு நோக்கம் சேர்க்கப்பட்டால், அது அன்னமாக இராமல் விலையாகிவிடும்.

"பணத்துக்கு எங்கே போவது? முகப்பு மண்டப வேலை பாதியில் நிற்கிறதே" என்பது கடைசிக் கேள்வி. பெண்கள் ஐக்கிய சங்கத்துச் சகோதரிகள் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். ரவை, அரிசி, பாசிப்பருப்பு, காய், எண்ணெய், எரிவாயு எல்லாம் சேர்த்து ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்குப் பதினைந்து ரூபாய். முப்பத்தெட்டுப் பிள்ளைகளுக்கு 570 ரூபாய். ஏற்கெனவே சிறுவர்களுக்குச் சமைக்கும் சுய உதவிக் குழுச் சகோதரியே இதையும் சேர்த்துச் சமைக்க இசைந்திருக்கிறார். அவருக்கு நாளொன்றுக்கு நூறு ரூபாய் கூலி. இந்தக் கூலியைக் குறைக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். வேண்டாம். ஒரு ஏழையின் உழைப்பைச் சுரண்டி இன்னொரு ஏழைக்கு உணவிட வேண்டியதில்லை. ஆக, நாளொன்றுக்கு 670 ரூபாய். பொங்கல் விடுமுறைக்குப் பின் தொடங்கி மார்ச் மாத இறுதிவரை ஏறத்தாழ ஐம்பது பள்ளி நாட்கள். மொத்தம் 33,500 ரூபாய்.

சென்ற மாதம் மின்விளக்கு அலங்காரத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் மேடைக்கும் நாம் செலவழித்தது முப்பத்தாறாயிரம் ரூபாய். அந்த ரசீதில் கையெழுத்திட்டவன் நானே. ஐந்து இரவுகள் ஆலயம் ஜொலித்தது. வாகனங்களில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அது பாவம் என்று நான் சொல்லவில்லை. பண்டிகைக்கு மகிழ்ச்சி வேண்டும்; பிள்ளைகளும் அந்த விளக்குகளைப் பார்த்துக் கைகொட்டினார்கள். ஆனால் ஐந்து இரவுகளுக்கு அந்தத் தொகை எளிதாகத் திரண்டபோது, ஐம்பது காலைகளுக்கு அது கடினமாகத் தோன்றுவது ஏன் என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டாமா? நம் சேகரத்தில் தொண்ணூற்றாறு குடும்பங்கள். குடும்பத்துக்கு 350 ரூபாய் வைத்தால் போதும். முடியாத குடும்பங்களின் பங்கை முடிந்தவர்கள் அமைதியாகச் சுமக்கலாம். முகப்பு மண்டபம் ஒரு மழைக்காலம் பொறுத்துக்கொள்ளும். பன்னிரண்டு வயது பொறுத்துக்கொள்ளாது. அது மறுபடி வராது.

இன்னும் ஒன்று. நம் சபையின் பழைய நல்வழக்கம் அசனம். ஆண்டுக்கு ஒருநாள் பந்தியில் முதலாளியும் தொழிலாளியும் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்து ஒரே சோற்றை உண்கிறோம். அன்று யாரும் யாரையும் எந்த வகுப்பு என்று கேட்பதில்லை. அந்த ஒரு நாளின் பொருள் மற்ற நாட்களில் காணப்படாவிட்டால், அசனம் வெறும் விருந்தாக மீந்துவிடும்.

பனி எப்போதும் தாழ்ந்த இடத்தைத் தேடியே தங்குகிறது என்று மேலே சொன்னேன். சபை எங்கே தங்கவேண்டும் என்பதற்கும் எனக்கு அதுவே பதிலாகத் தோன்றுகிறது. குளிர் எங்கே இறங்கித் தேங்குகிறதோ அங்கே நாமும் இறங்கவேண்டும். மேட்டில் நின்று வாழ்த்துச் சொல்வது எளிது. அதை நானே செய்து பார்த்திருக்கிறேன்.

வருகிற ஞாயிறு ஆராதனைக்குப் பின் சேகரக் கமிட்டி இதைப் பற்றி முடிவெடுக்கிறது. கமிட்டி அங்கத்தினர் அல்லாதவர்களும் வந்து அமர்ந்து கேட்கலாம், கருத்துச் சொல்லலாம். மறுத்துப் பேச விரும்புகிறவர்களும் தாராளமாக வாருங்கள். மறுப்பைக் கேட்காமல் எடுக்கும் முடிவு மார்ச் மாதம் வரை நிலைக்காது. ஆனால் வருவதற்கு முன் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இந்த வாரத்தில் ஏதேனும் ஒருநாள் காலை எட்டேகால் மணிக்குப் பள்ளிக்கூட வாசல் வழியாக நடந்துபோங்கள். உள்ளே போகவேண்டாம், எந்தப் பிள்ளையையும் எதுவும் கேட்கவேண்டாம். என்னைப் போல் அவசரப்பட்டுக் கேட்டு ஒரு பிள்ளையின் தலையைக் குனியச் செய்துவிடாதீர்கள். அந்த வராந்தாவை மட்டும் பாருங்கள். பார்த்துவிட்டு வந்து, உங்கள் மனம் சொல்வதை எங்களுக்குச் சொல்லுங்கள்.

பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் கையைப் பிடித்து எழுப்பிய ஆண்டவர், அவளுக்கு உணவு கொடுக்கும் வேலையை நம்மிடம் விட்டுவைத்திருக்கிறார். அதைச் செய்யும் மனத்தையும் பெலனையும் அவர் நமக்குத் தந்தருள்வாராக. இந்தப் பனிக்காலத்தில் உங்கள் வீடுகளையும், உங்கள் பிள்ளைகளையும், விடியற்காலையில் மலையேறும் ஒவ்வொரு தாயையும் அவர் காத்துக்கொள்வாராக. ஆமென்.

உங்கள் ஊழியன்,
போதகர்